தொண்டை யாருடையது?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எனக்கு ஊர் வாடிப்பட்டிப் பக்கம். என் பெயரையும் நான் நடித்த சீரியலின் பெயரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சின்ன வயசிலிருந்தே எங்கள் ஊர் முளைப்பாரித் திருவிழாவில் பாடுவேன். கல்லூரியில் படிக்கும்போது ஒரு டிவி பாட்டுப் போட்டிக்குப் போய்ச் சில சுற்றுகள் வரை வந்தேன். அதைப் பார்த்து ஒரு சீரியலில் கதாநாயகனின் தம்பி வேடம் கொடுத்தார்கள். இரண்டு வருஷம் ஓடியது. அப்புறம் டிஆர்பி இறங்கிவிட்டது என்று என் ட்ராக்கை வெட்டிவிட்டார்கள். கதைப்படி நான் துபாய்க்குப் போயிருக்கிறேன். இன்னும் திரும்பி வரவில்லை.

சீரியலில் எனக்குக் குரல் கொடுத்தது வேறொரு அண்ணன். என் பேச்சில் மதுரை வாடை அடிக்கிறது, பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு ஒட்டாது என்றார்கள். அவர் நன்றாகவே பேசியிருந்தார். இப்போது வேலை இல்லாததால் ஆர்கெஸ்ட்ராவில் பாடுகிறேன். போஸ்டரில் ‘சின்னத்திரை புகழ்’ என்று போடுகிறார்கள். பாட்டைவிட செல்ஃபிக்குத்தான் கூட்டம். போன பங்குனிப் பொங்கலுக்கு ஓர் ஊரில் பாடப் போன இடத்தில் தொண்டை கட்டிக்கொண்டது. முன்பே பாடிப் பதிவு செய்து வைத்திருந்ததை பென்டிரைவில் ஓடவிட்டு வாயசைத்துச் சமாளித்துவிட்டேன். யாருக்கும் தெரியவில்லை. நல்ல கைதட்டல்.

என் கேள்வி இதுதான் அக்கா. சென்னையிலேயே இருந்து வாய்ப்புத் தேடுவதா, ஊருக்குத் திரும்பி அப்பாவோடு வெற்றிலைக் கொடிக்காலைப் பார்ப்பதா? நடிகன் என்றால் பாடுகிறவர்கள் மதிப்பதில்லை. பாடகன் என்றால் நடிக்கக் கூப்பிடுவதில்லை. நான் எது? சினிமாவில் வாரிசுகளுக்குத்தான் இடம் என்கிறார்கள். பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினால் சரியாகும் என்று ஒரு ஜோசியர் சொல்கிறார். நீங்கள் பாட்டு, நாடகம் பற்றியெல்லாம் எழுதுவதால் கேட்கிறேன். தப்பாக ஏதாவது எழுதியிருந்தால் மன்னிக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி

*

அன்புள்ள தம்பி,

கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். கூட நடித்த பெண்ணைப் பற்றி எழுதிய அரைப்பக்கம் உனக்கும் எனக்கும் மட்டும் இருக்கட்டும்.

ஜோசியருக்குக் கொடுக்கிற காசுக்குப் பனங்கற்கண்டும் சித்தரத்தையும் வாங்கு, தொண்டைக்காவது ஆகும். வாரிசு விவகாரத்தை உங்கள் ஊர் டீக்கடையில் என்னைவிட நன்றாகப் பேசுவார்கள், அங்கேயே பேசிக்கொள். செல்ஃபிக்குக் கூட்டம் வருகிறதென்று அலுத்துக்கொள்ளாதே. துபாய்க்குப் போனவனை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள் பார், அதுவே பெரிது. சிரித்துக்கொண்டு நில்.

‘நான் எது?’ என்று கேட்டிருக்கிறாய். உன் பக்கத்து ஊரில் ஒருத்தர் இருந்தார், மேடையிலும் சினிமாவிலும் தானே பாடி நடித்தவர். அவரிடம் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் கேள்வியே புரிந்திருக்காது.

தென்கரைக்குப் போயிருக்கிறாயா? சோழவந்தானில் வைகையைத் தாண்டினால் தென்கரை. கொடிக்கால் வைத்திருக்கிற உன் அப்பா அந்தப் பாலத்தில் எத்தனையோ தடவை போய்வந்திருப்பார். அந்த டி.ஆர். மகாலிங்கம் அங்கேதான் பிறந்தார். நூற்றாண்டு வந்தது, போனது. அப்போதிலிருந்து அவரைப் பற்றி நிதானமாக ஒரு கட்டுரை எழுத வேண்டுமென்று தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. உன் கடிதத்தில் நீ போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன இரண்டு விஷயத்தைப் படித்ததும் நிதானம் போய்விட்டது. ஆகவே கட்டுரைக்குப் பதில் இது.

அவர் சிறுவனாக மேடையேறிய காலத்தில் பாடத் தெரியாதவனுக்கு ராஜபார்ட், அதாவது கதாநாயகன் வேடம், கிடையாது. முகம் சுமாராக இருந்தால் அரிதாரம் பார்த்துக்கொள்ளும், உயரம் குறைந்தால் கிரீடம் பார்த்துக்கொள்ளும். தொண்டைக்கு முட்டுக்கொடுக்க ஒன்றும் கிடையாது. மைக் வராத காலத்தில் கடைசி வரிசையில் பாய் விரித்துப் படுத்திருப்பவனுக்கும் கேட்டாக வேண்டும். பையன்களையே வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிகளில் அவர்களுக்கு மகரக்கட்டு உடைந்து குரல் மாறுகிற வயசு வந்தால் கம்பெனி முதலாளிக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். பையனுக்கு அதைவிட. நேற்றுவரை முருகனாக நின்றவனை இன்று கூட்டத்தில் ஒருத்தனாக நிறுத்திவிடுவார்கள். குரல் திரும்பி வந்தால் வேடமும் வரும். வராமலே போனவர்களும் உண்டு.

அப்படிப்பட்ட மேடையிலிருந்து மகாலிங்கம் சினிமாவுக்குப் போனது 1938ல், ‘நந்தகுமார்’ படத்தில் கிருஷ்ணனாக. அதே படத்தில்தான் ஒரு நடிகையின் பாட்டை எடுத்துவிட்டு லலிதா வெங்கட்ராமன் என்ற பாடகியின் குரலைச் சேர்த்தார்கள். தமிழில் பின்னணிப் பாட்டு அங்கே ஆரம்பித்தது. தயாரித்தவர் ஏ.வி.எம். மெய்யப்பச் செட்டியார். 1945ல் அதே செட்டியார் ‘ஸ்ரீவள்ளி’ எடுத்தார். முருகன் நம் மகாலிங்கம், வள்ளி குமாரி ருக்மிணி, அதாவது நடிகை லட்சுமியின் அம்மா. நாடகப் பாடகர் கிட்டப்பா மேடையில் பாடிப் பாடி ஊரைக் கிறங்கவைத்த ‘காயாத கானகத்தே’யை மகாலிங்கம் அந்தப் படத்தில் பாடினார். இருபதைத் தாண்டிய வயசு. மேல் ஸ்தாயிக்குப் போனால் இறங்கி வர மனசில்லாமல் அங்கேயே நிற்கிற குரல். படத்தை முடித்துப் போட்டுப் பார்த்தபோது வள்ளியின் பாட்டு அதற்கு ஈடுகொடுக்கவில்லை என்று பட்டது செட்டியாருக்கு. ருக்மிணியின் பாட்டை எடுத்துவிட்டு பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து ஒட்டினார். படம் பிய்த்துக்கொண்டு ஓடியது.

சினிமாச் சரித்திரம் எழுதுகிறவர்கள் இதைச் செட்டியாரின் சாமர்த்தியம் என்று எழுதுவார்கள். சாமர்த்தியம்தான், இல்லையென்று சொல்லவில்லை. நான் பெண், எனக்கு வேறு ஒன்றும் கண்ணில் படுகிறது. ஒரே ஆண் நடித்த இரண்டு படம். இரண்டிலும் அவன் குரல் பத்திரமாக இருக்கிறது, இரண்டிலும் ஒரு பெண்ணின் குரல் போய்விட்டது. அந்தப் பெண் தியேட்டரில் உட்கார்ந்து, தன் வாய் திறக்கும்போதெல்லாம் இன்னொருத்தியின் பாட்டு வருவதைப் பார்த்திருப்பாள். அதற்கும் கைதட்டியிருப்பார்கள். அந்தக் கைதட்டல் யாருக்கு என்று அவள் ஒரு நிமிஷம் குழம்பியிருப்பாளா இல்லையா?

உனக்கு அந்தக் குழப்பம் வரவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். ‘அவர் நன்றாகவே பேசியிருந்தார்’ என்று நீயே சான்றிதழ் கொடுக்கிறாய்! இரண்டு வருஷம், தம்பி. இரண்டு வருஷம் உன் அம்மா சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்து, மகன் முகத்தையும் எவனோ ஒருத்தன் குரலையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு தடவையாவது டப்பிங் தியேட்டருக்குப் போய் “எனக்கு ஒரு டெஸ்ட் வையுங்கள், ஒரு எபிசோடு நானே பேசிப் பார்க்கிறேன்” என்று கேட்டாயா? கேட்டிருந்தால் எழுதியிருப்பாய். எல்லாவற்றையும் எழுதுகிற பிள்ளை நீ. குரல் கொடுத்த அந்த அண்ணன் மேல் எனக்குக் கோபமில்லை. அவரும் கூலிக்கு வந்தவர். உன் முகமாவது ஊருக்குத் தெரியும், அவருக்கு அதுவும் இல்லை.

மதுரை வாடையாம். அரிவாளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பாத்திரத்துக்கு மட்டும் இவர்களுக்கு நம் பேச்சு வேண்டும். பணக்கார வீட்டுப் பிள்ளை என்றால் ஆகாது. கீழமாசி வீதியில் மூட்டை மூட்டையாக மல்லியும் மிளகாயும் இறக்குகிற மொத்த வியாபாரி என்ன பாஷை பேசுகிறார்? அவர் மகன் காரில் ஏறியதும் பேச்சு மாறிவிடுகிறதா? சரி, இதை இதோடு விடுகிறேன். ஆரம்பித்தால் முடிக்க மாட்டேன்.

பின்னணிப் பாட்டே ஆகாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. டி.எம். சௌந்தரராஜன் பிறந்த ஊரில் இருந்துகொண்டு அப்படிச் சொன்னால் முனிச்சாலைப் பக்கம் நடமாட முடியாது, அங்கே அவருக்குச் சிலை வேறு வைத்திருக்கிறார்கள். அவர் குரல் இல்லாமல் எங்கள் தலைமுறையில் கல்யாண வீடும் இல்லை, கோயில் கொடையும் இல்லை. ஆனால் ஒன்று கவனி. குரலை மட்டும் விற்றுப் பெரிய ஆளான அந்த மனுஷனும் 1962ல் பட்டினத்தாராக வேஷம் கட்டி, தன் பாட்டுக்குத் தானே வாயசைத்தார். ஒரு தடவையாவது முகத்தையும் தொண்டையையும் சேர்த்துக் காட்டிவிட வேண்டுமென்று அவருக்கும் இருந்திருக்கிறது.

1965ல் வந்த ‘திருவிளையாடல்’ உனக்குத் தெரிந்திருக்கும், டிவியில் போடாத பண்டிகை இல்லை. அதில் பாணபத்திரர் கதை. நம் மீனாட்சி கோயில் ஆவணி மூலத் திருவிழாவில் விறகு விற்ற லீலை என்று இன்றும் நடக்கிறதே, அதே கதைதான். வடக்கிலிருந்து வந்த ஹேமநாத பாகவதர் பாண்டியன் சபையில் சவால்விட்டுப் பாடுகிறார். திரையில் டி.எஸ். பாலையா, தொண்டை பாலமுரளிகிருஷ்ணாவுடையது. விறகுவெட்டியாக வந்த சிவபெருமான் திண்ணையில் படுத்துக்கொண்டு பாடுகிறார். திரையில் சிவாஜி கணேசன், தொண்டை நம் டி.எம்.எஸ். நடுவில் ஓர் ஏழைப் பாணன், ‘நாளைக்கு அவனோடு பாட வேண்டுமே, என்னால் ஆகாதே’ என்று கோயிலில் நின்று அழுது பாடுகிறான். ‘இசைத்தமிழ் நீ செய்த அருஞ்சாதனை’. திரையிலும் மகாலிங்கம், தொண்டையும் மகாலிங்கம். கதைப்படி தோற்றுவிடுவோம் என்று பயப்படுகிறவன் அவன்தான். அந்தப் போட்டியில் நிற்கிற மூன்று பேரில் சொந்தத் தொண்டையில் பாடுகிறவனும் அவன் ஒருத்தன்தான். படத்தை எடுத்த ஏ.பி. நாகராஜன் நாடகத்திலிருந்து வந்தவர், தெரிந்தே செய்தாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அதே படத்தில் ஔவையாராக வருகிற கே.பி. சுந்தராம்பாளும் தானேதான் பாடுவார். அவர் குரலை எடுத்துவிட்டு வேறு குரல் ஒட்ட எந்தச் செட்டியாருக்குத் துணிச்சல் வரும்? 1935லேயே நந்தனாராக நடித்துப் பாட லட்ச ரூபாய் வாங்கிய அம்மாள்.

மகாலிங்கம் வாழ்க்கை சொகுசாகப் போனது என்று நினைத்துக்கொள்ளாதே. உச்சத்தில் இருக்கும்போது சொந்தப் படம் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டார். ஊர் மறந்தது. 1958ல் கண்ணதாசன் ‘மாலையிட்ட மங்கை’ எடுத்தபோது கூப்பிட்டார், ‘செந்தமிழ்த் தேன்மொழியாள்’ பாடித் திரும்பி வந்தார். கூப்பிட்டதற்குக் காரணம் அந்தத் தொண்டை. இன்னொருத்தர் தொண்டையில் நடித்துக்கொண்டிருந்தவராக இருந்திருந்தால் அவரை எதற்காகத் தேடிப் பிடிக்க வேண்டும்? உன் சீரியல் கம்பெனி உன்னைத் துபாயிலிருந்து கூப்பிடாததற்கும் அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. வேறொரு பையன் முகத்தைக் கொண்டுவந்து அதே அண்ணனைப் பேசவிட்டால் வேலை முடிந்தது.

இப்போது பங்குனிப் பொங்கலுக்கு வருவோம். நீ தப்பிக்க முடியாது.

சீரியலில் நடந்தது நாலு பேர் சேர்ந்து செய்தது, உன் கையில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். மேடையில் நீதானே நின்றாய்? பென்டிரைவை நீதானே கொடுத்தாய்? அடுத்தவன் குரலுக்கு வாயசைத்துப் பழகி, கடைசியில் உன் குரலுக்கே நீ வாயசைத்திருக்கிறாய். அதைச் சமாளிப்பு என்று எழுதுகிறாய். யாருக்கும் தெரியவில்லை என்கிறாய். கீபோர்டு வாசித்தவருக்குத் தெரியும், சவுண்டு சர்வீஸ் பையனுக்குத் தெரியும். உன் வாயில் காற்றுக்கூட வரவில்லை என்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஏதாவது ஒரு கிழவிக்குக் கட்டாயம் தெரியும். சொல்லியிருக்க மாட்டாள், அவ்வளவுதான். சின்னப் பிள்ளையாச்சே என்று விட்டிருப்பாள்.

எனக்கு அந்தக் கிழவிகளைத் தெரியும். என் அம்மா ஊர் மேலூர்ப் பக்கம். தாய்மாமா ஸ்பெஷல் நாடகத்துக்கு ஆர்மோனியம் போடுகிறவர். அந்த நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, பபூன் வேறெங்கிருந்தோ. தனித்தனியாகப் பேசித் தனித்தனியாகச் சம்பளம். ராத்திரி பத்து மணிக்கு மேல் மேடையில் சந்தித்து விடிய விடிய ‘வள்ளி திருமண’த்தை நடத்திவிட்டு அவரவர் பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவார்கள். நாரதரும் வள்ளியும், வேலனும் வள்ளியும் தர்க்கம் செய்கிற இடம்தான் உயிர். பாட்டு எல்லாருக்கும் தெரிந்த பாட்டு. பேச்சு அந்தந்த ராத்திரிக்குப் புதுசு.

ஒரு வருஷம் வள்ளியாக வந்த அம்மாளுக்கு எங்கள் வீட்டு உள்ளறையில்தான் ஜோடிப்பு. அம்மா காபி கொடுத்தாள். அந்த டம்ளரை என் பாட்டி கையால் தொடாமல் திண்ணையில் கவிழ்த்து வைத்தாள். நாடகக்காரிக்கு அவ்வளவுதான் மரியாதை அப்போது. அதே பாட்டி ராத்திரி எல்லாருக்கும் முன்னால் போய் முதல் வரிசையில் பாயை விரித்துக்கொண்டாள்.

தினைப்புனக் காட்சியில், ஆலோலம் பாடும்போது அந்த அம்மாளுக்குத் தொண்டை பிடித்துக்கொண்டது. தொடர்ச்சியாகப் பல ராத்திரி நாடகம், தூக்கம் கிடையாது. மேலே போன குரல் கிழிந்து நின்றுவிட்டது. கூட்டத்தில் ஒரு விசில். மாமா சட்டென்று ஆர்மோனியத்தில் சுருதியை இறக்கினார். ஐந்தரைக் கட்டையில் ஆரம்பித்ததை நாலுக்குக் கொண்டுவந்ததாக அப்புறம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த அம்மாள் பாட்டை நிறுத்திவிட்டு மைக்கின் முன்னால் வந்தார். “தாய்மாரே, தொண்டை வம்பு பண்ணுது. வள்ளி கிளிய வெரட்டுறதா, தொண்டைய வெரட்டுறதா? கொஞ்சம் பொறுத்துக்கங்க” என்றார், பேச்சோடு பேச்சாக. சிரித்துவிட்டார்கள். அப்புறம் மேல்வரியெல்லாம் மாமா பின்பாட்டாக எடுத்துக்கொண்டார், கீழ்வரியை அந்த அம்மாள் பாடினார். வேலன் வந்ததும் பாட்டைக் குறைத்துக்கொண்டு தர்க்கத்தில் பிடித்தார் பார், ராஜபார்ட் தண்ணீர் குடித்துவிட்டார். “குரலு போன குறத்திக்கு வாயி மட்டும் போகலையே” என்று அவர் எடுத்துவிட, “வாயும் போயிருந்தா நீ இந்நேரம் என்னைக் கட்டியிருப்பியே” என்று இவர் திருப்ப, பாட்டி எழுந்து நின்று கை தட்டினாள். விடியும்போது சம்பளத்தில் ஒரு ரூபாயைக்கூட ஊர்க்காரர்கள் பிடிக்கவில்லை. பாட்டி சுக்குக் காபி போட்டுத் தானே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள், வீட்டு டம்ளரில்.

உன் கூட்டத்தில் அப்படி ஒரு பாட்டி உட்கார்ந்திருந்திருப்பாள், தம்பி. சுக்குக் காபி போட்டுக் கொடுக்கத் தயாராக. நீ அவளிடம் பென்டிரைவை நீட்டிவிட்டு வந்திருக்கிறாய். தொண்டை கட்டியிருந்தால் கட்டியிருக்கிறது என்று மைக்கில் சொல். அரைக்கட்டை, ஒரு கட்டை இறக்கிப் பாடு. பாட முடியாத வரியைக் கூட்டத்தைப் பாடச் சொல். நம் ஆட்களுக்கு மைக் கிடைத்தால் விட மாட்டார்கள் என்று உனக்குத் தெரியாதா? அதுவும் முடியாவிட்டால் அன்றைக்குப் பாடாதே, முன்பணத்தைத் திருப்பிக் கொடு. வலிக்கும். ஒரு தடவை வலித்தால் அடுத்த தடவை முந்தின ராத்திரி ஐஸ் தண்ணீர் குடிக்க மாட்டாய். குடித்திருப்பாய், எனக்குத் தெரியும்.

ரொம்பத் திட்டிவிட்டேன். நீ அனுப்பியிருந்த ஆடியோவையும் கேட்டேன். முளைப்பாரிப் பாட்டு, பின்னால் கும்மிச் சத்தம், யாரோ ஒரு குழந்தை அழுகிறது. அதில் உன் குரல் அழகாக இருக்கிறது. இழுப்பில் கொஞ்சம் கரகரப்பு இருக்கிறதே, அதைச் சரிசெய்துவிடாதே. போட்டியில் பாடிய வீடியோவில் அந்தக் கரகரப்பைக் காணோம். யாரோ வாத்தியார் தேய்த்து எடுத்துவிட்டார். 2018ல் சூப்பர் சிங்கர் பட்டம் வாங்கிய செந்தில் கணேஷ் அதற்கு முன்பே கிராமத்து மேடைகளில் பாடித் தேறியவர். டிவிக்குப் போனபோது எதைத் தேய்க்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நீ கொஞ்சம் முந்திப் போய்விட்டாய்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மதுரையில் சுண்ணாம்புக்காரத் தெருவில் நாடக நடிகர் சங்கம் இருக்கிறது. 1918ல் இதே மதுரையில் பையன்களைச் சேர்த்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை என்று கம்பெனி நடத்திய நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளை அவர்கள் இன்னும் குரு என்று கும்பிடுகிறார்கள். போய் ஒரு மூத்த ஆர்மோனியக்காரரைப் பிடி. ராஜபார்ட் ஆகச் சொல்லவில்லை. வெள்ளி ஜிகினா உடுப்பில் உன்னை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வருகிறது. அவர் பக்கத்தில் ஒரு சீசன் உட்கார். மாசி, பங்குனி தொடங்கி ஆடி வரை ராத்திரிக்கு ஓர் ஊர் இருக்கும். உன் சுருதி எத்தனை கட்டை என்று அவர் சொல்வார், உனக்கு அதுவே தெரியாது என்று பந்தயம் கட்டுகிறேன். அசோசியேட் டைரக்டர் ஓரமாக நின்று பிராம்ப்ட் கொடுக்காமல் ஒரு மணிநேரம் எதிராளிக்குப் பதில் சொல்வது எப்படி என்று பார். அதை மதுரைப் பேச்சிலேயே சொல்கிறார்கள் என்பதையும் பார். அடுத்து ஏதாவது சீரியலுக்குக் கூப்பிட்டால், சம்பளத்தைப் பேசும்போதே குரலையும் பேசு. பேட்டாவில் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

சென்னையா ஊரா என்று கேட்டிருந்தாய் அல்லவா, மறந்தே போனேன். அறை வாடகை எவ்வளவு, யார் கட்டுகிறார்கள் என்று நீ எழுதவில்லை. கச்சேரிக் காசில் நீயே கட்டினால் இன்னும் ஒரு வருஷம் இருந்து பார். அப்பா கொடிக்காலில் வெற்றிலை கிள்ளி விற்ற காசு மாசாமாசம் சென்னைக்கு வருகிறதென்றால் இந்த வாரமே பெட்டியைக் கட்டு.

அன்புடன்,
அக்கா